பயனிலை வருவதற்குள் வெட்டப்பட்ட பயான்

அன்பும் மரியாதையும் நிறைந்த பெரிய மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் மாமியும் பிள்ளைகளும் உடல்நலத்தோடும் மனநலத்தோடும் இருக்க துஆச் செய்கிறேன். இங்கு நாங்களும் நலம். அந்த நலத்தின் விரிவுரைதான் இந்தக் கடிதம். நடந்தது அனைத்தையும், யார் முகம் சுளித்தாலும், கூட்டாமல் குறைக்காமல் உண்மையாகப் பதிவு செய்யப்போகிறேன் என்று முதலிலேயே அறிவித்துக்கொள்கிறேன். ஏனென்றால் போன வாரம் தாங்கள் தொலைபேசியில் "சேனல் எப்படிப் போகுது?" என்று கேட்டபோது, வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுப் போனை அடுத்தவர் கையில் திணித்தார்கள். அதே சொல்லை வாப்பா பெருமூச்சோடும், உம்மா பல்லைக் கடித்துக்கொண்டும், சின்ன மாமா சிரித்துக்கொண்டும் சொன்னது தங்கள் காதுக்கு எட்டியிருக்க வாய்ப்பில்லை. இதை நான் குரல் பதிவாகவே அனுப்பியிருக்கலாம். ஆனால் குரல் பதிவு என்றால் சின்ன மாமா கைக்குப் போய்விடும், அவர் வெட்டிவிடுவார். காகிதத்தில் ஒரு வாக்கியம் எவ்வளவு தூரம் போனாலும் அதன் வாலை யாரும் நறுக்க முடியாது. எங்கள் வீட்டில் இப்போது வாக்கியத்தின் வால்தான் பெரிய பிரச்சினை.

தாங்கள் அனுப்பிய கைப்பேசி, முக்காலி, சட்டையில் மாட்டும் மைக், வட்ட விளக்கு எல்லாம் உடையாமல் வந்து சேர்ந்தன. உடைந்தது வீட்டின் நிம்மதி மட்டும்தான். அந்தப் பொருள்கள் ஏன் அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டன என்பது தங்களுக்குப் பாதிதான் தெரியும். எங்கள் பள்ளிவாசலில் தொழுகை நடத்துவது வாப்பாவின் வேலை; வாரம் ஒருமுறை மஃரிப் தொழுகைக்குப் பிறகு மக்களுக்கு மார்க்கம் சொல்லிப் பயான் செய்வது அவருடைய உயிர். வாரம் முழுவதும் புத்தகங்களை நெஞ்சில் கவிழ்த்துக்கொண்டே தூங்கி, குளிக்கும்போதும் முணுமுணுத்து, அந்த ஒரு மாலைக்காகவே அவர் மற்ற நாள்களைக் கழிக்கிறார். இப்படிப்பட்டவரிடம் பள்ளிவாசல் செயலாளர், அதாவது பெயிண்ட் கடைக்காரர், ஒருநாள் அஸர் தொழுகை முடிந்ததும் வந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, "ஹஜ்ரத், தப்பா எடுத்துக்காதீங்க. உலகத்துல பெரிய பெரிய பேச்சாளருங்க பயானெல்லாம் இப்ப கையிலயே கிடைக்குது. ஒரு திரை வாங்கி மாட்டிட்டோம்னா வாராவாரம் ஒருத்தரைப் போட்டுக்கலாம். உங்களுக்கும் தொண்டை மிச்சம்" என்றார்.

"அப்ப நான்?" என்று வாப்பா கேட்டார்.

"நீங்க தொழுகை நடத்துங்க ஹஜ்ரத். அதைத் திரை நடத்த முடியாதே!" என்றார் செயலாளர், அது ஒன்றுதான் திரையிடம் உள்ள குறை என்பது போல. போகிற போக்கில் வாசலில் நின்று, "இல்லேன்னா ஒண்ணு செய்யலாம். உங்க பயானையும் நெட்டுல போட்டுப் பாருங்க. மக்கள் விரும்பிப் பார்க்கிறாங்கன்னா, திரை எதுக்கு, உங்களையே வச்சுக்கலாம்" என்று ஒரு சலுகையும் கொடுத்தார். வாப்பாவை வைத்துக்கொள்வதா, திரையை வைத்துக்கொள்வதா என்பதை முன்பின் தெரியாதவர்களின் கட்டைவிரல் முடிவு செய்யும் என்று அன்றைக்கு ஏற்பாடாயிற்று. மார்க்கக் கல்விக்கு வாப்பா செலவழித்த வாலிபக் காலமெல்லாம் அந்தக் கட்டைவிரலுக்குக் கீழே போனது.

படப்பிடிப்பு எங்கள் முன்னறையில். ஒளிப்பதிவு, இயக்கம், படத்தொகுப்பு மூன்றும் சின்ன மாமா. அவர் கல்யாண வீடியோ எடுப்பவர் என்பதால் எதைப் பார்த்தாலும் அதில் மணமகனைத் தேடுவார். "மச்சான், லேசா சிரிங்க, தலையை மெதுவா இப்படித் திருப்புங்க" என்று அவர் சொல்ல, மரணத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்திருந்த வாப்பா சிரித்துக்கொண்டே திரும்பினார். மைக் தாடிக்குக் கீழே மாட்டப்பட்டதால் முதல் வீடியோ முழுவதும் பூனை எதையோ பிராண்டுவது போல ஒரு சத்தம். இரண்டாவதில் அடுக்களையிலிருந்து குக்கர் விசில், அதுவும் சரியாக நரகத்தின் வெப்பத்தை வாப்பா வர்ணிக்கும் இடத்தில். சின்ன மாமா அதை நீக்க மறுத்துவிட்டார். "அக்கா, காசு கொடுத்தாலும் இப்படி எஃபெக்ட் கிடைக்காது" என்றார். மூன்றாவதில் தாங்கள் அனுப்பிய வட்ட விளக்கு வாப்பாவின் மூக்குக் கண்ணாடியில் இரண்டு வளையங்களாக விழுந்து மின்னியது. அதைப் பார்த்தவர்கள் கீழே, "மாஷா அல்லாஹ், ஹஜ்ரத் கண்ணிலேயே ஒளி தெரிகிறது" என்று எழுதினார்கள். வாப்பா பதறிப்போய், "அது ஒளியில்லை, விளக்கு" என்று விளக்கம் சொல்லித் தனியாக ஒரு வீடியோ போட்டார். ஒளியைப் பார்க்க வந்த கூட்டம் விளக்கத்தைப் பார்க்க வரவில்லை. அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் நாங்கள் மட்டும்தான், உம்மாவும் பாதியில் எழுந்து போய்விட்டார்.

இனிமேல்தான் வாக்கியத்தின் கதை. வாப்பாவின் வாக்கியத்தைத் தாங்கள் அறிவீர்கள். அது வீட்டை விட்டுக் கிளம்பும், கடைத்தெருவில் எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் ஸலாம் சொல்லும், ஒரு நோயாளியை நலம் விசாரிக்கும், மழைக்கு எங்கேயாவது ஒதுங்கும், கடைசியில்தான் வினைச்சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வரும். பள்ளிவாசலில் வழக்கமாகக் கேட்பவர்களுக்கு இது பழகிவிட்டது. நிதானமாகக் காத்திருப்பார்கள், வினைச்சொல் வந்ததும் தலையாட்டுவார்கள். ஆனால் சின்ன மாமாவோ, "மச்சான், ஒரு நிமிஷத்துக்குள்ள சொல்லணும். அதுக்கு மேல போனா மேல தள்ளிட்டுப் போயிடுவாங்க" என்றார். "ஒரு நிமிஷத்துல நான் தொண்டையைக்கூடச் சரி பண்ண மாட்டேனே மாப்பிள்ளை" என்றார் வாப்பா. "நீங்க எப்பவும் போலப் பேசுங்க. நான் வெட்டிக்கிறேன்" என்று சொன்ன சின்ன மாமா, சொன்னபடியே வெட்டினார்.

வெட்டப்பட்டது புறம் பேசுவதைப் பற்றிய பயான். வாப்பா பேசியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், ஆகவே ஒரு சொல் பிசகாமல் எழுத முடியும்: "பக்கத்து வீட்டில் நடந்ததை நடந்தபடிதானே பேசுகிறோம், இருப்பதைச் சொன்னால் அது எப்படிப் புறம் ஆகும், கண்ணால் கண்டதைப் பேசுவதில் பாவமே கிடையாது, தாராளமாகப் பேசலாம் என்று நாக்கைச் சுழற்றிக்கொண்டு திரிகிறாரே, அவரைப் பார்த்துச் சொல்கிறேன், இருப்பதைச் சொல்வதற்குத்தான் புறம் என்று பெயர், இல்லாததைச் சொன்னால் அது அவதூறு." மாமா, இதில் "தாராளமாகப் பேசலாம்" என்ற இடத்தில் நிமிடம் முடிந்துவிட்டது. அந்த இடத்தில் வாப்பா மூச்சு வாங்குவதற்காக ஒரு கணம் நிறுத்தியிருந்தார், அதுவே முத்தாய்ப்பு வைத்தது போல அமைந்துவிட்டது. சின்ன மாமா அதற்குப் பின்னால் ஓர் இடி முழக்கத்தைச் சேர்த்து, ஒரு கழுகைப் பறக்கவிட்டு, கழுகு போதாதென்று ரோஜா இதழ்களையும் உதிரவிட்டு, "புறம் பேசலாமா? ஹஜ்ரத்தின் அதிரடித் தீர்ப்பு!" என்று தலைப்புக் கொடுத்து உலகத்தின் முன் வைத்தார்.

உலகம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. வாப்பா பொறுமையைப் பற்றிப் பேசியபோதும், பெற்றோரைப் பேணுவது பற்றிப் பேசியபோதும் எட்டிப் பார்க்காத உலகம், இதை மட்டும் கைமாற்றிக் கைமாற்றி மகிழ்ந்தது. இத்தனை காலமாகக் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு உரக்கப் பேச ஓர் உரிமம் கிடைத்துவிட்டது அல்லவா? முதலில் வந்தவர் மாடி வீட்டுச் சாச்சி. கையில் கைப்பேசியைச் சான்றிதழ் போலப் பிடித்துக்கொண்டு அடுக்களையில் வந்து உட்கார்ந்தார்.

"சேதி தெரியுமா? பள்ளிவாசல் செயலாளர் இருக்காருல்ல..."

"வேணாம்க்கா, பாவம். நமக்கெதுக்கு?" என்றார் உம்மா.

"என்ன பாவம்? உன் வீட்டுக்காரரே சொல்லிட்டாரே, தாராளமாப் பேசலாம்னு! ஹஜ்ரத்தை விட உனக்கு அதிகமாத் தெரியுமா?"

ஆமாம், அதிகமாகத் தெரியும் என்று உம்மா சொன்னால் அது அடுத்த வீட்டில் போய் வேறு மாதிரி முடியும். ஆகவே சாச்சி தாராளமாகப் பேசினார். பயான் நேரத்தில் செயலாளர் தூணுக்குப் பின்னால் உட்காருவது பணிவினால் அல்ல, தூக்கத்தினால் என்றும், தூங்கும்போதும் விரல்கள் மட்டும் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை என்றும், தன் கணவர் பக்கத்திலிருந்து குறட்டையைக் காதால் கேட்டதாகவும், ஆகவே இது முழுக்க முழுக்க இருப்பதைச் சொல்வதுதான் என்றும் விளக்கினார். (நானும் இப்போது இதைத் தங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்து சற்று நிறுத்தினேன். ஆனால் இது குடும்ப அறிக்கை என்பதால் தொடர்கிறேன்.) அந்த வாரத்துக்குள் பெயிண்ட் கடைக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாங்க வந்தவர்கள்கூட, "என்ன பாய், நல்லாத் தூங்குறீங்களாமே?" என்று நலம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் கோபப்பட்டால், கோபப்பட இடமில்லாமல், ரோஜா இதழ் உதிர உதிர வாப்பாவின் தீர்ப்பைப் போட்டுக் காட்டினார்கள்.

செயலாளர் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் எங்கள் வீட்டுக்குள் வந்தார். "ஹஜ்ரத், மக்கள் பார்க்கணும்னுதான் சொன்னேன். அதுக்காக இப்படியா? முதல்ல அதை எடுங்க!" வாப்பா சின்ன மாமாவைப் பார்த்தார். சின்ன மாமா, "எடுத்தா மட்டும்? எல்லார் போன்லயும் இருக்கு. இனி அது நம்ம கையில இல்ல" என்றார், ஏதோ மகளைக் கட்டிக்கொடுத்துவிட்ட தகப்பனைப் போல. "அப்ப மறுப்பு சொல்லுங்க. அடுத்த பயான்லயும் இப்படிக் குழப்பம் வந்தா, மன்னிச்சுக்குங்க, திரைதான். அதை மாட்டக் கம்பிகூடப் பார்த்து வச்சிருக்கோம்" என்று செயலாளர் எழுந்தார். முன்பு பார்ப்பவர்கள் இல்லாததால் வரவிருந்த திரை, இப்போது பார்ப்பவர்கள் அதிகமானதால் வரவிருந்தது. திரைக்கு வழி எந்தப் பக்கமும் திறந்திருந்தது, வாப்பாவுக்குத்தான் அடைத்திருந்தது.

வாப்பா மறுப்பும் சொன்னார். அன்று இரவுச் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு, முகம் கழுவி, அதே விளக்கின் முன் உட்கார்ந்து உருக்கமாகப் பேசினார்: "அன்று நீங்கள் பார்த்தது முழுக்கச் சரி, அதில் ஒரு குறையும் இல்லை, நம்பிப் பின்பற்றலாம் என்று யாராவது நினைத்தால், அவர் என் பேச்சை முழுமையாகக் கேட்கவில்லை." இது எங்கே வெட்டுப்பட்டிருக்கும் என்று தாங்களே ஊகித்திருப்பீர்கள். "நம்பிப் பின்பற்றலாம்." இடி. கழுகு. உம்மா கரண்டியோடு வந்து தன் தம்பியின் முன் நின்றார்.

"உனக்குக் காது இருக்கா இல்லையாடா?"

"நான் வெட்டலக்கா, நேரம் வெட்டுது! மச்சான் 'இல்லை'ங்கிறதை முன்னாடியே சொன்னா நான் ஏன் வெட்டப்போறேன்? கல்யாண வீட்டுல கடைசியா வர்றது ஐஸ்கிரீம்தான், அதை விட்டாலும் கல்யாணம் நடந்த மாதிரிதான். இவர் பேச்சுல மாப்பிள்ளையே கடைசியிலதான் வர்றாரு!"

சின்ன மாமா வாழ்க்கையில் சொன்ன ஒரே அறிவுபூர்வமான சொல் இதுதான் என்பதால் நான் இலக்கணப் புத்தகத்தை எடுத்து வந்தேன். எழுவாய் முதலில், செயப்படுபொருள் நடுவில், பயனிலை கடைசியில் என்பது வழக்கம்தான், ஆனால் அதை மாற்றிப் போட்டாலும் பிழையில்லை என்று வாப்பாவுக்கு எடுத்துச் சொன்னேன். பயனிலையை முன்னால் வைத்துவிட்டால் எங்கே வெட்டினாலும் கருத்து சாகாது. வாப்பா யோசித்தார். "பயனிலை முதல்ல வந்தா பயானுக்குப் பயன் இல்லைம்மா" என்றார். இருந்தாலும் வேறு வழியில்லாமல் பழகத் தொடங்கினார். முன்னறையில் உலாவிக்கொண்டே, "பேசாதீர்கள் புறம்! செய்யாதீர்கள் கேலி! திருத்துங்கள் உங்களை!" என்று சொல்லிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் நிற்பது போலவே இருந்தது. பழக்கம் நாக்கில் ஒட்டிக்கொண்டு, சாப்பிடும்போதும், "கொண்டு வா தண்ணீரை. போதாது உப்பு" என்றார். உம்மா தண்ணீரை வைத்துவிட்டு, "தாங்க முடியல இவரை" என்றார், இலக்கண சுத்தமாக. நாங்கள் சிரித்தோம். வாப்பா சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, "இப்படிப் பேசித்தான் அந்த இடத்துல உட்காரணும்னா, திரையே பேசிட்டுப் போகட்டும்மா" என்றார். மாமா, வாப்பாவின் வாயிலிருந்து அவ்வளவு சிறிய, அவ்வளவு நேரான வாக்கியத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. புத்தகத்தைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டேன்.

பயான் மாலை வந்தது. நானும் உம்மாவும் மாடியில் பெண்கள் பகுதிக்குப் போனோம், அங்கே சன்னலோரம் உட்கார்ந்தால் உள்ளே கூடமும் தெரியும், வெளியே செருப்பு கழற்றும் படிகளும் தெரியும். அன்றைக்குச் செருப்பு வைக்க இடமில்லாத கூட்டம். தூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள், அதிரடித் தீர்ப்பு சொன்ன ஹஜ்ரத்தை நேரில் பார்க்க. எல்லோர் கையும் கைப்பேசியோடு உயர்ந்திருந்ததால் முன்வரிசையில் இருந்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு வாப்பாவுக்குப் பதில் அடுத்தவர் கைப்பேசியில் வாப்பாதான் தெரிந்தார். செயலாளர் இந்த முறை தூணை விட்டுத் தள்ளி, எல்லோருக்கும் தெரியும்படி, கண்களை அகலத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். "பேசாதீர்கள் புறம்னு மட்டும் ஆரம்பிச்சுடக் கூடாது, யா அல்லாஹ்" என்று உம்மா முணுமுணுத்தார்.

வாப்பா ஆரம்பித்தார். பழைய வாக்கியத்தையே, பழைய நடையிலேயே. "பக்கத்து வீட்டில் நடந்ததை நடந்தபடிதானே பேசுகிறோம்..." என்று கிளம்பி, கடைத்தெரு, நோயாளி, மழை எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு, "கண்ணால் கண்டதைப் பேசுவதில் பாவமே கிடையாது, தாராளமாகப் பேசலாம்" என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். நிறுத்தித் தண்ணீர்க் குவளையை எடுத்தார். புதிதாக வந்தவர்கள் முகமெல்லாம் மலர்ந்தது. அவர்கள் கேட்க வந்தது அவ்வளவுதானே? கைப்பேசிகள் கீழிறங்கின. "சொல்லிட்டாரு, நம்ம காதாலயே கேட்டாச்சு" என்று ஒருவரையொருவர் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். நெரிசலுக்கு முன்னால் வெளியேறிவிட வேண்டும் என்று கூட்டம் படிகளை நோக்கி நகர்ந்தது. வழக்கமாகக் கேட்பவர்கள் மட்டும் அசையவில்லை. வினைச்சொல் இன்னும் வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். வாப்பா தண்ணீரைக் குடித்தார். இவ்வளவு நிதானமாக அவர் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. வெளியே எல்லோரும் செருப்பைத் தேடி ஒரு காலில் மாட்டிக்கொண்ட நேரத்தில் குவளையைக் கீழே வைத்தார். வெளி ஒலிபெருக்கியில் குரல் வந்தது.

"...என்று நாக்கைச் சுழற்றிக்கொண்டு, பாதி கேட்டதும் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போகிறாரே, அவரைப் பார்த்துச் சொல்கிறேன்!"

படியில் அத்தனை பேரும் ஒற்றைச் செருப்போடு நின்றார்கள். ஒருவர் மாட்டாத காலைத் தூக்கியபடியே நின்றார். அவர்கள் நடுவில் கையில் சாவிக்கொத்தோடு செயலாளரும் இருந்தார் என்பதை உண்மையாகப் பதிவு செய்கிறேன். "இருப்பதைச் சொல்வதற்குத்தான் புறம் என்று பெயர். இல்லாததைச் சொன்னால் அது அவதூறு. இப்போது போகலாம்" என்றார் வாப்பா. யாரும் போகவில்லை. ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டு, எழுந்த இடத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு வாப்பா பேசிய வாக்கியங்கள் எல்லாம் எவ்வளவு தூரம் போனாலும் ஒருவரும் எழவில்லை. எந்த நேரத்தில் பயனிலை வரும் என்ற பயம்தான். எதனால் உட்கார்ந்தார்கள் என்பதா முக்கியம், உட்கார்ந்தார்களே! பயான் முடிந்ததும் செயலாளர் வந்து வாப்பாவின் கையைப் பற்றிக்கொண்டு, எல்லோர் முன்னிலும், "ஹஜ்ரத், இனிமே பயான்னா அது நீங்கதான். வேற ஒருத்தர் குரல் இந்தக் கூடத்துல கேட்காது. இது நிர்வாகத்தோட முடிவு" என்றார். வாப்பா அன்று வீட்டுக்கு வந்து இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிடும்போது பேசிய ஒரு வாக்கியம் ரசத்தில் தொடங்கி மோரில் முடிந்தது. உம்மா முழுவதையும் கேட்டார்.

ஆகவே பெரிய மாமா, தாங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. வட்ட விளக்கு என் படிப்பு மேசைக்கு வந்துவிட்டது, மிகவும் பயனுள்ள பொருள். தங்கள் வீட்டில் அன்பும் பரக்கத்தும் பெருகவும், தங்கள் பேச்சை எல்லோரும் கடைசி வரை கேட்கவும், மாமிக்கு முழங்கால் வலி நீங்கவும் துஆச் செய்கிறேன். மாமிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். வாப்பாவும் உம்மாவும் தம் ஸலாத்தைத் தனியாக எழுதச் சொன்னார்கள். சின்ன மாமா தன் ஸலாத்தை வீடியோவாக அனுப்புவாராம், தயவுசெய்து திறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகள்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்கு முன் ஒரு சிறு திருத்தம். இதைப் பள்ளிவாசலின் மாடியிலிருந்து, மடியில் வைத்து எழுதுகிறேன். செயலாளர் சொன்ன சொல் தவறவில்லை. இந்தக் கூடத்தில் வாப்பாவின் குரல்தான் கேட்கும், வேறு ஒருவர் குரலும் கேட்காது. அந்த மாலைப் பயானைச் சின்ன மாமா மூன்று பக்கமிருந்தும் முழுமையாகப் படம் பிடித்திருந்தாராம். "இவ்வளவு நல்லா ஒரு தடவை பேசியாச்சு, அதையே வாராவாரம் போட்டுக்கலாம் ஹஜ்ரத். வெட்டவே இல்ல, வாக்கியமெல்லாம் முழுசா இருக்கு. நீங்களும் நிம்மதியா உட்கார்ந்து கேளுங்க" என்று செயலாளர் அன்போடு சொல்லிவிட்டார். கம்பி ஏற்கெனவே பார்த்து வைத்திருந்ததால் திரை ஒரே நாளில் ஏறிவிட்டது, ஒரு சுவர் அளவுக்கு. வாப்பாவுக்கு இரண்டாவது வரிசையில் நல்ல இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். செயலாளர் மறுபடியும் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். இதோ திரையில் வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறக்கிறார். கீழே வாப்பாவும் பழக்கத்தில் வாயைத் திறந்தார், பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்பதையும் உண்மையாகப் பதிவு செய்திருப்பேன், ஆனால் படம் மங்கலாகத் தெரிகிறது என்று யாரோ சத்தம் போட, விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.